இலக்கிய ஆய்வும் மீத்தேடுபொறிகளும்: சில விமரிசனக் குறிப்புகள்

ஈழத்துத் தமிழிலக்கிய ஆய்வுத்துறையிலே கடந்த இரு தசாப்தங்களாக நிகழ்ந்துவரும் மாற்றங்களுள் ஒன்று போதிய கவனத்தைப் பெறவில்லை. தரவுகளைத் தேடும் முறையில் ஏற்பட்டுள்ள மாற்றமே அது. முன்னர், கொழும்பிலே ஆய்வு செய்த மாணவர் தேசிய சுவடிக்கூடத்திலும் பல்கலைக்கழக நூலகத்திலும் வெள்ளவத்தையிலுள்ள தமிழ்ச் சங்க நூலகத்திலும் நாட்கணக்கிற் செலவிட்டனர். கொட்டாஞ்சேனையிலோ வேறெங்கோ வாழ்ந்த மூத்த எழுத்தாளர் ஒருவரின் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்க்க அனுமதி வேண்டி நின்றனர். இன்று அம்மாணவர் முதலிற் செய்வது இணையத்தில் ஒரு சொல்லைத் தட்டச்சிடுவதாகும். இதில் வருந்துவதற்கு எதுவுமில்லை. உற்பத்திக் கருவிகள் மாறும்போது உழைப்பின் முறையும் மாறுவது இயல்பே. ஆயின், கருவி எவ்வாறு இயங்குகின்றது, அது யாருடைய உடைமை என்னும் வினாக்களை எழுப்பாமல் அதன் விளைபொருளை மட்டும் ஏற்றுக்கொள்வது ஆய்வாளர்க்குத் தகாது. அண்மைக் காலத்திலே சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகள் சிலவற்றில், "இணையத்திற் பல பொறிகள் வழியாகவும் தேடியும் கிடைக்கவில்லை" என்னும் தொடர் ஒரு சான்றாகவே முன்வைக்கப்படுவதைக் காண்கின்றோம். இக்கட்டுரை அத்தொடரைப் பற்றியது.

பல பொறிகள் வழியாக ஒருங்கே தேட உதவுவன மீத்தேடுபொறிகள் எனப்படும். 'மெட்டா சேர்ச்' என மாணவர் வழக்கிற் கூறப்படுவதும் இதுவே. கூகிள், பிங் போன்ற தேடுபொறி ஒவ்வொன்றும் இணையப் பக்கங்களை முன்கூட்டியே திரட்டி, அவற்றிலுள்ள சொற்களுக்கு ஓர் அடைவு தயாரித்து வைத்திருக்கின்றது. சங்க நூல்களுக்குச் சொல்லடைவு தயாரித்தோரின் உழைப்பை அறிந்தவர்களுக்கு இதன் இயல்பை விளக்க வேண்டியதில்லை. அளவில் மட்டுமே அது வேறானது. மீத்தேடுபொறிக்கு அத்தகைய அடைவு கிடையாது. நாம் தரும் சொல்லை அது ஏககாலத்திற் பல பொறிகளுக்கு அனுப்பி, அவை தரும் பட்டியல்களைப் பெற்று, இரட்டித்து வருவனவற்றை நீக்கி, ஒன்றாகத் தொகுத்து எமக்கு அளிக்கின்றது.

இம்முறை பல்கலைக்கழகங்களிலேயே பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலே 1995 இல் மெட்டாகுரோலர் உருவாயிற்று. அடுத்த ஆண்டிலே ஜேர்மனியின் ஹனோவர் பல்கலைக்கழகத்தில் மெட்டாகேர் தோன்றியது. அதே 1996 இல், நூலகப் பட்டியல்களை மட்டும் ஒருங்கே தேடும் கார்ல்ஸ்ரூவ மெய்நிகர் பட்டியலும் அந்நாட்டிலேயே தொடங்கப்பட்டது. அக்காலப் பொறி எதுவும் இணையத்தின் பெரும்பகுதியைத் தனியே அளாவியிருக்கவில்லை. ஒன்றில் அகப்படாதது மற்றொன்றில் அகப்படும். ஆகவே அனைத்தையும் ஒருங்கே வினவுவது பொருத்தமானதாயிருந்தது. மெட்டாகுரோலர் சில ஆண்டுகளுள் வணிக நிறுவனங்களின் கைக்கு மாறியது. அறிவுழைப்புப் பொதுநிறுவனத்திற் செலவிடப்படுவதும் அதன் பயன் தனியுடைமையாவதும் முதலாளித்துவ சமூகத்திற் புதுமையன்று.

மீத்தேடுபொறியின் பயனை வலியுறுத்துவோர் இன்றும் மேற்கோளாகக் காட்டுவது 2005 ஆம் ஆண்டு ஆய்வொன்றாகும். நான்கு பெரும் பொறிகளின் முதற்பக்க விடைகள் அதில் ஒப்பிடப்பட்டன. ஏறத்தாழ 85 சதவீதமானவை ஒரேயொரு பொறியில் மட்டும் காணப்பட்டன. நான்கிலும் பொதுவாக இருந்தவை 1.1 சதவீதம் மட்டுமே. ஒரு பொறியை மட்டும் நம்புவோர் எவ்வளவை இழக்கின்றனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டியதில்லை. ஆயினும் அவ்வாய்வு, டொக்பைல் என்னும் மீத்தேடுபொறியை நடத்திய நிறுவனம் பல்கலைக்கழக ஆய்வாளருடன் சேர்ந்து மேற்கொண்டது என்பதையும் கூறவேண்டும். எண்கள் பிழையென நாம் கூறவில்லை. எந்த எண் எவருக்குத் தேவைப்பட்டது என்பதும் ஆய்வு வரலாற்றின் ஒரு பகுதியே.

எமது சூழலில் இப்பொறிகளாற் கிடைக்கும் நன்மைகளை மறைப்பதற்கில்லை. ஆய்வு மாணவர் பெரும்பாலோர் கைத்தொலைபேசித் தரவை அளந்து வாங்கியே இணையத்தைப் பயன்படுத்துகின்றனர். மின்வெட்டு நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் நீடித்த 2022 ஆம் ஆண்டில், கிடைத்த நேரத்துக்குள் தேடி முடிக்கவேண்டியிருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். ஐந்து பொறிகளை ஒவ்வொன்றாகத் திறப்பதிலும், விளம்பரங்கள் குறைந்த ஒரு பக்கத்தில் ஐந்தின் விடைகளையும் பெறுவது சிக்கனமானது.

இதனிலும் முக்கியமானது இன்னொன்று. தனிப்பொறி தேடுவோரை நினைவில் வைத்துக்கொள்கின்றது. அவர் முன்னர் எதைத் தேடினார், எங்கிருந்து தேடுகின்றார் என்பவற்றுக்கேற்ப விடைகளை மாற்றித் தருகின்றது. மீத்தேடுபொறி இடையில் நிற்பதால், பெரும்பொறி காண்பது இடையில் நிற்பவரைத்தான், தேடுவோரையன்று. பயங்கரவாதத் தடைச்சட்டம் 1979 இல் நிறைவேற்றப்பட்ட நாள் முதலாக, எதைப் படிக்கின்றோம் என்பதே ஐயத்துக்குரியதாகக்கூடிய நாடொன்றில் வாழ்ந்து வந்திருக்கின்றோம். 1981 பற்றியோ 1983 பற்றியோ எழுதப்பட்ட கவிதைகளைத் தேடும் தமிழ் மாணவிக்கு இவ்விடைத்திரை அற்பமானதன்று. இதற்கும் ஓர் எல்லையுண்டு. பெரும்பொறிமீது வைக்கவேண்டிய நம்பிக்கையை இடையிலிருப்பவர்மீது மாற்றி வைக்கின்றோம். அவர் யார் என்பதை நாம் அறிவது அரிது.

* * *

மீத்தேடுபொறிக்குத் தனக்கென அடைவு இல்லை என மேலே கூறினோம். அரசியற் பொருளாதார நோக்கில் இதன் பொருள் யாதெனில், அது உற்பத்திச் சாதனம் இல்லாத வணிகம் என்பதாகும். இணையத் தேடலில் உற்பத்திச் சாதனம் அடைவே. அதனைத் தயாரித்துப் பேணுவதற்குப் பெருந்தொகையான கணினிகளும் மின்சாரமும் ஆண்டுக்கணக்கான உழைப்பும் தேவை. உலக அளவில் அத்தகைய அடைவைச் சொந்தமாகக் கொண்டவை மிகச் சில. தேடல் துறையில் கூகிள் சட்டவிரோதமாகத் தனது ஏகபோகத்தைப் பேணிவந்தது என அமெரிக்க நீதிமன்றமொன்றே 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இந்நிலையில் மீத்தேடுபொறியின் வர்க்க இயல்பைத் தரகு எனக் குறிப்பதே பொருந்தும். எமது அரசியல் எழுத்துகளில் அச்சொல் வசையாகவே வழங்கிவந்துள்ளது. இங்கு அதனை ஒரு பொருளாதார உறவைச் சுட்டவே பயன்படுத்துகின்றோம்.

தரகரின் வாழ்வு மூலவரின் தயவிலே தங்கியுள்ளது. மெட்டாகேரின் கதை இதற்குத் தக்க சான்று. வணிக நோக்கற்ற சங்கமொன்றினால் நடத்தப்பட்டு, கல்வியாளரிடையே நன்மதிப்புப் பெற்றிருந்த அப்பொறி, யாகூ தனது ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதால் 2024 செப்டெம்பரிலே விளம்பர வருவாயில் நடந்த தனது இலவசச் சேவையை நிறுத்தவேண்டியதாயிற்று. இருபத்தெட்டு ஆண்டுக்கால முயற்சி பிறரது ஒரு முடிவினாற் குலைந்தது. அடுத்த ஆண்டில், 2025 ஆகஸ்ட் 11 அன்று, மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தனது பிங் அடைவை வெளியார் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துவதற்கு வைத்திருந்த பொது வாயிலை மூடிவிட்டது. அதனை நம்பியிருந்த சிறு பொறிகள் வேறு வழி தேடவேண்டியதாயிற்று. இன்று மாணவரிடையே பரவலாகும் சேர்எக்ஸ்என்ஜி போன்ற திறந்த மூலப் பொறிகள் ஒப்பந்தம் எதுவுமின்றிப் பெரும்பொறிகளின் விடைப்பக்கங்களை வாங்கித் தொகுக்கின்றன. பெரும்பொறி வாயிலை அடைத்தால் அன்று அதன் விடைகள் வாரா. தொடக்கத்தில் ஐந்து பொறிகளை வினவிய கருவி இன்று மூன்றையே வினவிக்கொண்டிருக்கலாம். சில கருவிகள் அதனை ஒரு மூலையிற் சிறு எழுத்தில் அறிவிக்கின்றன. சில அறிவிப்பதேயில்லை.

நூலகப் பட்டியல்களை ஒருங்கே தேடும் கருவிகளுக்கும் இவ்விடர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களை ஆராய்வோர்க்குப் பிரித்தானிய நூலகம் இன்றியமையாதது; அதன் முன்னோடியான பிரித்தானிய நூதனசாலை நூலகத்தின் தமிழ்ப் பட்டியலைப் பார்னெற்றும் போப்பும் 1909 இலேயே வெளியிட்டனர். அந்நூலகம் 2023 ஒக்ரோபரிற் கணினித் தாக்குதலுக்குள்ளாகி, அதன் இணையப் பட்டியல் சில மாதங்கள் செயலிழந்திருந்தது. அம்மாதங்களிற் பல பட்டியல்களை ஒருங்கே தேடியவர் அடைந்த விடையும் இன்று தேடுவோர் அடையும் விடையும் ஒன்றல்ல. ஆய்வேட்டிலே தேடிய நாள் குறிக்கப்படாவிடின் இவ்வேறுபாட்டை எவரும் அறியார்.

மூலவர் சிலரே என்பதால் விளையும் மற்றொரு கேடு ஆய்வுக்கு இன்னும் நேரானது. வெள்ளவத்தைச் சந்தையிலே மூன்று கடைகளில் அரிசி விலை கேட்டு, மூன்றிலும் ஒரே விலை எனக் கண்டு, அதுவே ஊர் விலை என முடிவு செய்பவர், மூன்று கடைக்காரரும் புறக்கோட்டையில் ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்குகின்றனர் என்பதை அறியாதவர். யாகூ 2009 இல் மைக்ரோசொஃப்டுடன் செய்த உடன்படிக்கையின் பின்னர் பிங்கின் அடைவையே தனது தேடலுக்கு ஆதாரமாகக் கொண்டது. டக்டக்கோ தரும் இணைய விடைகளும் பெரும்பாலும் பிங்கிலிருந்து பெறப்படுவனவே. ஆகவே பிங், யாகூ, டக்டக்கோ என மூன்று பெயர்களைத் தெரிவுசெய்து தேடுபவர் பெரும்பாலும் ஒரே அடைவையே மும்முறை வினவுகின்றார். பன்மை தோற்றத்தில் மட்டுமே உண்டு.

* * *

தமிழாய்வாளர்க்கு இச்சிக்கல் புதியதன்று என்பது எமது கருத்து. சுவடிப் பதிப்புத்துறை இதனை நூறாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885 இலும் கலித்தொகையை 1887 இலும் வெளியிட்ட சி. வை. தாமோதரம்பிள்ளையும், அவரை அடுத்து வந்த உ. வே. சாமிநாதையரும் பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் திரட்டினர். ஏடுகளைப் பெருக்குவது முதற்படி. ஆயின் பத்து ஏடுகளில் ஒரு பாடம் காணப்படுகின்றது என்பதால் மட்டும் அது மூலபாடமாகிவிடாது. பத்தும் ஓர் ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டவையாயின் அவை ஒரு சாட்சியே. வேறு வழியில் வந்த ஒற்றை ஏட்டிலுள்ள பாடம் அவற்றை எதிர்த்து நிற்கும் தகுதியுடையது. ஏடுகளை எண்ணுவதன்று, அவற்றின் வழிமரபை ஆராய்வதே பதிப்பாசிரியர் பணி எனப் பாடத்திறனாய்வு எமக்குக் கற்பித்தது.

மீத்தேடுபொறி ஏடுகளைத் திரட்டும் பணியை நன்கு செய்கின்றது. பின்னர் அது செய்வது, பதிப்பாசிரியர் செய்யக்கூடாததெனத் தவிர்த்ததை. அது வாக்கு எண்ணுகின்றது. சேர்எக்ஸ்என்ஜி பயன்படுத்தும் கணக்கை எடுத்துக்கொள்வோம். அதன் நிரல் எவரும் படிக்கக்கூடியது என்பதே அதன் பெருஞ்சிறப்பு. பொறிகளுக்குத் தனித்தனி நிறை எதுவும் தரப்படாதபோது, ஒரு பக்கம் ஒவ்வொரு பொறியிலும் பெற்ற இடத்தைக்கொண்டு ஒன்றை வகுத்துக் கூட்டி, அத்தொகையை அப்பக்கத்தைக் கண்ட பொறிகளின் எண்ணிக்கையாற் பெருக்குகின்றது. ஒரு பக்கத்தை மூன்று பொறிகள் எட்டாம் இடத்தில் வைத்தனவென்க. எட்டில் ஒன்று வீதம் மும்முறை கூட்ட எட்டில் மூன்று. அதனை மூன்றாற் பெருக்க எட்டில் ஒன்பது. அதாவது ஒன்றுக்குச் சற்று மேல். வேறொரு பக்கத்தை ஒரேயொரு பொறி கண்டு, அதனை முதலிடத்தில் வைத்ததென்க. அது பெறுவது ஒன்று. மூவர் எட்டாவதாக மதித்தது, ஒருவர் முதலாவதாக மதித்ததைவிட மேலேறிவிடுகின்றது. அம்மூவரும் ஒரே அடைவின் படிகளாயின் நிலைமை என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அன்றாடத் தேவைகளுக்கு இக்கணக்கு போதுமானது. புகையிரத நேரத்தையோ மருந்தின் பெயரையோ தேடுவோர்க்குப் பலர் ஒப்பிய விடை நல்ல விடையே. அரியதைத் தேடுவதே ஆய்வு. அரியதை ஒரு பொறியே கண்டிருக்கும். மீத்தேடுபொறி அதனையும் எமது பட்டியலுக்குள் கொண்டுவருகின்றது என்பது உண்மை; கொண்டுவந்து அடியில் வைக்கின்றது என்பதும் உண்மை. தவிரவும், ஒவ்வொரு பொறியிலிருந்தும் அது பெறுவது முதற் சில பக்கங்களையே. மேற்கோட்குறிக்குள் இட்ட தொடரை அப்படியே தேடுதல், குறித்த தளத்துள் மட்டும் தேடுதல் முதலிய நுட்பங்கள் பொறிக்குப் பொறி வேறுபடுவதால், ஒருங்கு தேடலில் அவை பலவேளை வலுவிழக்கின்றன. எல்லோர்க்கும் பொதுவான எளிய வினாவே எஞ்சுகின்றது.

* * *

ஈழத்து இலக்கிய வரலாற்றில் நன்கறிந்த வினாவொன்றை இங்கு எடுத்துக்கொள்ளலாம். ஈழத்தின் முதலாவது தமிழ் நாவல் எது? திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895 இல் சென்னையில் வெளிவந்தது. அதற்கு முன்னர், 1891 இல் இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' வெளிவந்தது. அது ஐரோப்பிய வீரகதையொன்றின் தழுவல். அதற்கும் முன்னர், 1885 இல் மு. கா. சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' வெளிவந்தது. 1856 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்ததாகக் கருதப்படும் 'காவலப்பன் கதை' என்னும் மொழிபெயர்ப்பை முன்வைப்போரும் உளர். மொழிபெயர்ப்பையும் தழுவலையும் நாவல் எனக் கொள்வதா, வெளியான இடத்தைக்கொண்டா ஆசிரியர் பிறந்த இடத்தைக்கொண்டா 'ஈழத்து' என முடிவு செய்வது, நாவல் என்னும் வடிவத்தைத் தோற்றுவித்த சமூக சக்திகள் இங்கு எப்போது உருப்பெற்றன என்பனவே இவ்வினாவின் உட்கிடை. ஆண்டுகளை வரிசைப்படுத்துவதால் மட்டும் இது தீராது.

இவ்வினாவை மீத்தேடுபொறியில் இட்டால் ஒரே வாக்கியத்தின் பல படிகள் கிடைக்கின்றன. எங்கோ ஒரு கலைக்களஞ்சியக் குறிப்பில் எழுதப்பட்டது பிற தளங்களிலே எடுத்தாளப்பட்டு, மாணவர் வழிகாட்டிகளிலும் வினா விடைத் தொகுப்புகளிலும் இடம்பெற்று, ஒவ்வொரு பொறியிலும் வேறொரு பக்கமாகத் தோன்றுகின்றது. வாக்கு மிகுந்ததால் அது மேலே நிற்கின்றது. இப்போது பொறிகளே விடையைச் சுருக்கி உரைநடையாக எழுதித் தரத் தொடங்கியுள்ளன. அவ்வுரையில் எந்தப் படி எதன் படி என்பது முற்றாக மறைந்துவிடுகின்றது.

சொல்வடிவம் இன்னொரு தடை. சித்திலெப்பையின் நூற்பெயர் 'அசன்பே' எனவும் 'அஸன்பே' எனவும் எழுதப்படுகின்றது. 'கதை' எனவும் 'சரித்திரம்' எனவும் முடிகின்றது. ஆறாம் வேற்றுமை உருபும் உடைமைச் சொல்லும் சேரும்போது சொல்லின் ஈறு மாறுகின்றது. ஆங்கில வழி தேடினால் இடர் மேலும் பெருகுகின்றது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையிற் சகரம் எங்கு வரினும் 'சி' என்னும் ஆங்கில எழுத்தாலேயே குறிக்கப்படும். க. கைலாசபதி தமது ஆங்கில நூல்களில் இட்ட பெயருக்கும், அவர்தம் தமிழ் நூல்கள் அம்முறையிற் பட்டியலிடப்படும் பெயருக்கும் எழுத்து வேறுபாடு மிகுதி. பெயரின் ஒரு வடிவத்தை மட்டும் ஐந்து பொறிகளுக்கு அனுப்புவதிலும், ஐந்து வடிவங்களை ஒரு பொறிக்கு அனுப்புவது பயன் தரும் என்பது எமது அனுபவம். மீத்தேடுபொறி பொறிகளைப் பெருக்குகின்றது; சொல்வடிவங்களைப் பெருக்குவது ஆய்வாளர் உழைப்பாகவே இருக்கின்றது.

பொறியின் கண்ணுக்கே படாத எழுத்துகளும் உள்ளன. ஒருங்குறி பரவுமுன் இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் மத்தியிலும் பாமினி போன்ற எழுத்துருக்களே அச்சுக்கோப்பில் வழங்கின. ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களைப் பொருத்திச் செய்யப்பட்டவை அவை. காகிதத்தில் 'அம்மா' எனத் தெரிவது, அடைவு தயாரிக்கும் பொறிக்குச் சில ஆங்கில எழுத்துகளும் இடையில் ஓர் அரைப்புள்ளியுமாகவே தெரிகின்றது. அக்காலத்து மின்கோப்புகள் இணையத்தில் இருந்தும் இல்லாதவையே. ஒளிவருடப்பட்ட பழைய இதழ்கள் வெறும் படங்கள். எழுத்துணரப்பட்டாலன்றி அவற்றினுள்ளே எந்தப் பொறியும் புகாது.

இவ்விடத்தில், 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் பணியைக் குறிப்பிடாமலிருக்க முடியாது. அது இதழ்களை ஒளிவருடுவதோடு அமையாது, பல இதழ்களின் உள்ளடக்கத்தை, கட்டுரைத் தலைப்பும் ஆசிரியர் பெயருமாக, ஒருங்குறியிற் தட்டச்சிட்டும் வைத்துள்ளது. டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்திலே தொடங்கி, பின்னாளில் கொழும்பு 13, ஶ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளியிட்ட 'மல்லிகை' இதழ்களிலே யார் எதை எழுதினர் என்பதை இன்று ஒரு மாணவி கண்டறிய முடிகின்றதென்றால், அதற்குக் காரணம் தேடுபொறியன்று. யாரோ ஒருவர் அப்பெயர்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சிட்டமையே. நூல்களைப் பொறுத்தவரை என். செல்வராஜா 2002 முதலாகத் தொகுதிக்கு ஆயிரம் பதிவுகள் வீதம் வெளியிட்டுவரும் 'நூல்தேட்டம்' இத்தகைய மற்றொரு முயற்சி. சைமன் காசிச்செட்டி 1859 இலும் ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இலும் புலவர் வரலாறுகளைத் தொகுத்தபோது செய்ததும் இந்த உழைப்பே. தரகுக்கு முன்னர் உற்பத்தி நிகழ வேண்டும்.

* * *

"தேடியும் கிடைக்கவில்லை" என்னும் தொடருக்கு மீளவருவோம். கிடைக்கவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையே எமது மண்ணிலே பெருந்தொலைவு உண்டு. 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்த வீடுகளோடு எரிந்த புத்தக அலுமாரிகளுக்கு எண்ணிக்கை தானும் கிடையாது. அவற்றில் இருந்தவற்றை ஐந்து பொறி தேடினாலும் ஐம்பது பொறி தேடினாலும் அகப்படா. ஆயினும் அந்நூல்கள் எழுதப்பட்டன, படிக்கப்பட்டன, அவற்றால் மனிதர் மாறினர் என்பது வரலாறு. பல பொறிகள் வழியாகத் தேடினோம் என்னும் கூற்று, ஒரு பொறியில் தேடினோம் என்பதைவிட அதிக உறுதியுடன் இன்மையைச் சொல்வதுபோலத் தோன்றுகின்றது. இந்த உறுதியே ஆபத்தானது.

அழிவு மட்டும் காரணமன்று. சித்திலெப்பையின் நாவல் நெடுங்காலம் எமது இலக்கிய வரலாறுகளில் உரிய இடத்தைப் பெறாதிருந்ததற்குத் தேடுபொறி இல்லாமை காரணமாகாது. யாழ்ப்பாணத்துச் சைவ உயர்குழாத்தின் கண்கொண்டு எழுதப்பட்ட வரலாற்றில் முஸ்லிம் எழுத்தாளர் ஒருவர் முதலிடத்தில் இருக்கக்கூடும் என்னும் எண்ணமே எழவில்லை. தலித் எழுத்துக்கும் மலையக எழுத்துக்கும் பெண்களின் எழுத்துக்கும் நேர்ந்ததும் இதுவே. கா. சிவத்தம்பி 'தமிழில் இலக்கிய வரலாறு' என்னும் 1988 ஆம் ஆண்டு நூலிலே, இலக்கிய வரலாறு என்பதே குறித்த காலத்தின் கருத்துநிலைத் தேவைகளுக்கேற்பக் கட்டமைக்கப்படுவது என்பதை ஆராய்ந்தார். வாக்கெண்ணித் தரப்படும் விடைப்பட்டியல், அவ்வாறு கட்டமைக்கப்பட்ட வரலாற்றை, அதைக் கட்டமைத்தவரின் பெயரை நீக்கிவிட்டு, கணிதத்தின் முடிவாக எமக்குத் திருப்பித் தருகின்றது. முன்னைய இலக்கிய வரலாற்றாசிரியரோடு வாதிட முடிந்தது. பட்டியலோடு வாதிடும் பழக்கம் எமது மாணவரிடையே இன்னும் உருவாகவில்லை.

மீத்தேடுபொறியைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. நாமே அதனை நாள்தோறும் பயன்படுத்துகின்றோம். ஏடு திரட்டும் கருவியாக அதனைக் கொள்வோர் சில வழக்கங்களை மேற்கொள்ளலாம். ஒரே அடைவிற் தங்கியுள்ள பொறிகளைச் சேர்த்துத் தெரிவுசெய்யாமல், தமக்கெனத் தனி அடைவுடைய மோஜீக் போன்றவற்றைச் சேர்த்துக்கொள்வது முதலாவது. விடைப்பட்டியலை அடியிலிருந்து மேலாகப் படிப்பது இன்னொன்று. ஒரு பொறி மட்டும் கண்டவை அங்கேதான் கிடக்கும். எந்தப் பொறிகள் அன்று விடை தந்தன, எந்தெந்தச் சொல்வடிவங்கள் தேடப்பட்டன, தேடிய நாள் யாது என்பவற்றை ஆய்வேட்டின் முன்னுரையிற் பதிவு செய்யுமாறு மேற்பார்வையாளர்கள் வற்புறுத்த வேண்டும். இவை இல்லாதவிடத்து, "கிடைக்கவில்லை" என்னும் கூற்றை நாம் சான்றாக ஏற்கலாகாது.

பொதுவுடைமையான அடைவொன்று வேண்டும் என்னும் கோரிக்கை மேலைநாடுகளிலேயே எழுந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 14 நிறுவனங்கள் சேர்ந்து திறந்த இணைய அடைவொன்றை உருவாக்கும் பணியை 2022 செப்டெம்பரிலே தொடங்கின. அத்தகைய அடைவிற் தமிழுக்கு எவ்வளவு இடமிருக்கும் என்பது, தமிழில் எவ்வளவு தட்டச்சிடப்பட்டுள்ளது என்பதையே பொறுத்தது. எமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிட்ட மலர்களுக்கே இன்னும் முழுமையான உள்ளடக்கப் பட்டியல் கிடையாது. அப்பணியின் தொடக்கமாக, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈழத்து உரைநடைக் கதைகளின் பெயர்கள் வெவ்வேறு பட்டியல்களில் எந்தெந்த எழுத்து வடிவங்களிற் பதிவாகியுள்ளன என்பதைத் திரட்டி வருகின்றோம். 'அசன்பே' ஒன்றுக்கே வடிவங்கள் பல சேர்ந்துள்ளன. தம்மிடமுள்ள பழைய பிரதிகளின் தலைப்புப் பக்கங்களைப் பார்த்து, அவற்றில் உள்ளபடியே பெயரை எழுதி இவ்விதழின் ஆசிரியர் குழுவுக்கு அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.